பின் அட்டையின் உட்பக்கம்

1

எங்கள் பத்திரிகையின் மூன்றாம் ஆண்டு மலர் போன சனிக்கிழமை ஒருவருடைய பெட்டியில், முறுக்குப் பொட்டலங்களுக்கும் ஒரு பிரஷர் குக்கருக்கும் நடுவில் பயணம் செய்து நியூ ஜெர்சி வந்து சேர்ந்தது. அதில் இருந்திருக்க வேண்டிய ஒரு கவிதை இல்லை. யாரும் எதிர்பார்க்காத நான்கு வரிகள் பின் அட்டையின் உட்பக்கத்தில் இருக்கின்றன. அது எப்படி நடந்தது என்று ஊரில் இருக்கும் உங்களுக்குச் சொல்லத்தான் இந்தக் குறிப்பு. சந்தோஷமான கதை என்று நினைத்து உட்காராதீர்கள். துக்கக் கதையும் இல்லை. களைத்துப்போன கதை.

பிளெய்ன்ஸ்பரோ என்பது நாங்கள் இருக்கும் ஊர். ஊர் என்றால் கடைத்தெருவும் பஸ் ஸ்டாண்டும் தேடாதீர்கள். ஒரே அச்சில் வார்த்த அடுக்குமாடிக் கட்டடங்கள், ஒவ்வொன்றின் முன்னாலும் கார்கள். காலையில் பாதிப் பேர் பிரின்ஸ்டன் ஜங்ஷன் ரயிலைப் பிடிக்க ஓடுவார்கள், மீதிப் பேர் மருந்துக் கம்பெனிகளுக்கு ஓட்டிக்கொண்டு போவார்கள். நான் இரண்டாவது வகை. யாரோ விழுங்கிய மாத்திரை யாருக்கு என்ன செய்தது என்ற எண்களை அட்டவணையில் அடுக்குவது என் வேலை. என்னைக் காவ்யா என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈரோட்டுப் பக்கம்.

பத்திரிகைக்கு ஆசிரியர்கள் இரண்டு பேர். நான், அப்புறம் எங்கள் குடியிருப்பிலேயே இரண்டு கட்டடம் தள்ளி இருக்கும் அஸ்லாம் அண்ணன். காயல்பட்டினத்துக்காரர், வங்கி மென்பொருளில் வேலை. மனைவி ரிஸ்வானா அண்ணி. மகள் ஜோயா, இரண்டாம் வகுப்பு. ஜோயாவிடம் தமிழில் என்ன கேட்டாலும் புரியும். பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும்.

கலை, அரசியல் என்று அட்டையில் போட்டுக்கொள்வோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை. இங்கே வடிவமைத்து, சிவகாசியில் அச்சடித்து, ஊருக்குப் போய்த் திரும்புகிறவர்களின் பெட்டியில் இடம் கேட்டுக் கெஞ்சிக் கொண்டுவருகிறோம். பத்திரிகையின் பெயரை இங்கே எழுதவில்லை. காரணம் போகப் போகப் புரியும்.

2

கோடையில் ஒரு நாள் நூலகத்தில் ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது. சண்டை என்றால் இந்த ஊர்ச் சண்டை. இரண்டு பக்கமும் 'ப்ளீஸ்' சொல்லிக்கொண்டு நடப்பது. உயரமான ஒரு வெள்ளைக்கார அம்மாள், வெட்டிவிட்ட நரைமுடி, தள்ளுவண்டியில் கனத்த பைண்டு புத்தகங்களை வைத்துக்கொண்டு நிற்கிறார். இந்த மொழியைப் படிக்க இங்கே யாரும் வருவதில்லை, எடுத்துக்கொள்ள முடியாது என்று நூலகர் வருத்தத்தோடு சொல்கிறார். நான் தமிழ் அலமாரியில் கிழிந்த அட்டைகளை ஒட்டிக்கொடுக்கப் போயிருந்தேன். மேலாக இருந்த தொகுப்பு திறந்து கிடந்தது. ஒரு மரச்செதுக்கு ஓவியம்: சுரங்கத்தின் வாய், அதிலிருந்து தலைகுனிந்து வரும் ஆட்கள், எல்லோர் கையிலும் சாப்பாட்டுத் தூக்கு. அவ்வளவுதான், எனக்குக் கை பரபரத்துவிட்டது.

"நான் எடுத்துக்கிறேன்," என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். "பின்னிஷ் படிக்கத் தெரியுமா?"

"தெரியாது."

"எனக்கும் தெரியாது. எடுத்துக்கொள்."

பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான். என் தமிழில் தருகிறேன். அவர் பெயர் எய்லா. பள்ளியில் இசை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டை விற்றுவிட்டு முதியோர் குடியிருப்புக்குப் போகிறார். வாய்ப்பழக்கத்தில் நான் ஆன்ட்டி என்று சொல்லிவிட்டேன். "நான் யாருக்கும் அத்தை இல்லை. எய்லா போதும்," என்று வெட்டிவிட்டார். புத்தகங்களை என் கார் டிக்கியில் ஏற்றும்போதுதான் விஷயத்தைச் சொன்னார்.

அது பின்லாந்திலிருந்து இங்கே வந்த தொழிலாளிகள் நடத்திய இடதுசாரிப் பத்திரிகை. எய்லாவின் அம்மா இளவயதில் வந்து, நியூயார்க்கில் பணக்கார வீடுகளில் வேலைக்காரியாக இருந்தவர். "அதில் என் கவிதையும் வந்திருக்கிறது" என்று ஒரே ஒருமுறை மகளிடம் சொல்லியிருக்கிறார். எது என்று கேட்டதற்கு, குடியுரிமைக் காகிதம் வரட்டும், அப்புறம் காட்டுகிறேன் என்றிருக்கிறார். அரசியல் பத்திரிகையில் எழுதினாய் என்று திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். பெயர் போடாமல்தான் கொடுத்திருக்கிறார்.

"காகிதம் வந்ததா?" என்றேன்.

"வந்தது. அதற்குள் எனக்குப் பதினாறு வயது. பதினாறு வயதில் யார் அம்மாவின் கவிதையைக் கேட்பார்கள்?" டிக்கியை அவரே அறைந்து மூடினார். "நீ கண்டுபிடித்தால் சொல். இல்லாவிட்டால் பரவாயில்லை. பரவாயில்லை என்று சொல்லத்தான் வேண்டும், இல்லையா?"

3

என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஏதாவது ஒன்று பிடித்துக்கொண்டால் சாப்பாடு இறங்காது. அலுவலக இடைவேளையில், துணி துவைக்கும் அறையில், டென்டிஸ்ட் வாசலில் என்று எங்கே உட்கார்ந்தாலும் பக்கங்களைப் போனில் படம் எடுத்து மொழிபெயர்த்துக்கொண்டே இருந்தேன். போனின் மொழிபெயர்ப்பு லேசுப்பட்டதல்ல. ஒரு காதல் கவிதையில் 'காடு என் மாமியாரைப் போல மௌனமாக இருந்தது' என்று வந்தது. அஸ்லாம் அண்ணனிடம் படித்துக் காட்டினேன்.

"தப்பா இருக்கும்மா. மாமியா எங்க மௌனமா இருக்கு?" என்றார்.

ஆனாலும் மெல்ல மெல்ல அந்தப் பத்திரிகையின் ஆயுள் பிடிபட்டது. நான் புரிந்துகொண்ட அளவில் சொல்கிறேன். பிழை இருந்தால் என்னுடையதும் போனுடையதும்.

ஆரம்பத் தொகுப்புகளில் அப்படி ஒரு வேகம். சுரங்கம், மரம் வெட்டும் முகாம், துறைமுகம் என்று எங்கெல்லாம் அவர்கள் ஆட்கள் இருந்தார்களோ அங்கெல்லாம் ஒரு மன்றம் கட்டியிருக்கிறார்கள். மன்றத்தில் மேடை, மேடையில் நாடகம், நாடகத்துக்கு இந்தப் பத்திரிகையில் விமரிசனம். ஒரு பக்கம் வேலைநிறுத்தச் செய்தி, எதிர்ப்பக்கம் ஓவியத்தைப் பற்றிய கட்டுரை. வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கென்று ஒரு பகுதி. அதில் எஜமானியம்மாக்களை வாரு வாரு என்று வாரியிருக்கிறார்கள். தலையங்கத்தில் ஆசிரியர் வாசகர்களைத் திட்டுகிறார்: நீங்கள் படிப்பதில்லை, படித்தாலும் புரிந்துகொள்வதில்லை, புரிந்துகொண்டாலும் சந்தா கட்டுவதில்லை. நம் ஆட்களேதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்து பிளவு. கட்சி உடைந்தது, மன்றம் உடைந்தது, நாடகக் குழு உடைந்தது. ஓர் இதழில் மகத்தான நடிகர் என்று புகழப்பட்டவர், சில இதழ்கள் தாண்டி வர்க்கத் துரோகி. எங்கள் கோயம்புத்தூர் சிற்றிதழ்ச் சண்டைகளைப் பார்த்தவள் என்பதால் எனக்கு இதற்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை.

சிரிப்பு நின்ற இடம் ஒன்று உண்டு. சோவியத் பக்கம் கரேலியா என்ற இடத்தில், நம் மொழி பேசும் சோஷலிச நாட்டைக் கட்டப்போகிறோம் என்று குடும்பம் குடும்பமாக வீட்டை விற்றுவிட்டுக் கிளம்பியிருக்கிறார்கள். ரம்பமும் பட்டறை இயந்திரமும்கூடக் கப்பலேறியிருக்கின்றன. வழியனுப்பும் படங்களில் பேண்டு வாத்தியம், குழந்தைகள், புதுத் தொப்பிகள். அங்கிருந்து வந்த கடிதங்கள் சில இதழ்களில் பொங்கி வழிகின்றன. பிறகு கடிதம் குறைகிறது. பிறகு இல்லை. ஏன் இல்லை என்று பத்திரிகை ஒரு வரி எழுதவில்லை. போனவர்களில் பலரை அங்கேயே சுட்டார்கள், சிறையில் அடைத்தார்கள் என்று நான் வேறு இடத்தில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். பத்திரிகையோ அந்த மாதங்களில் கோதுமை விளைச்சலைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தது. தொகுப்பை மூடி வைத்துவிட்டு ஒரு வாரம் திறக்கவில்லை. யாருக்காகப் பத்திரிகை நடத்துகிறோமோ அவர்கள் காணாமல்போவதையே எழுதாத பத்திரிகை எதற்கு?

அப்புறம் அமெரிக்காவிலேயே பயம் வருகிறது. கட்டுரையின் கீழே முழுப் பெயராக இருந்தது முதலெழுத்தாகிறது. முதலெழுத்து 'ஒரு தொழிலாளி' ஆகிறது. வடக்குக் காற்று, பழைய ரம்பம், சமையல்கட்டு என்றெல்லாம் புனைபெயர்கள். பிறகு ஒன்றுமே இல்லை. அதே சமயத்தில் பிள்ளைகளுக்காக ஆங்கிலத்தில் ஒரு பத்தி தொடங்குகிறது. அது ஒரு பக்கமாக வளர்கிறது. வளர்ந்த வேகத்தில் நின்றும்போகிறது, ஏனென்றால் ஆங்கிலம் படிக்க வந்துவிட்ட பிள்ளைக்கு அப்பாவின் மன்றத்துப் பத்திரிகை எதற்கு? கடைசித் தொகுப்புகளில் இரங்கல் பக்கங்கள்தான் அதிகம். கடைசி இதழ் என்று தெரிந்து போட்ட இதழ் இல்லை அது. விடைபெறும் குறிப்பெல்லாம் கிடையாது. வழக்கம்போல அட்டை, வழக்கம்போலத் தலையங்கம். அதற்குப் பிறகு தொகுப்பில் பக்கம் இல்லை.

எய்லாவின் அம்மா கவிதை? பெயரில்லாத கவிதைகள் குவிந்து கிடந்தன. காப்பியைப் பற்றி, பனியைப் பற்றி, எஜமானி வீட்டு வெள்ளிக் கரண்டியைப் பற்றி. எல்லாமே அவருடையதாக இருக்கலாம். எதுவும் இல்லாமலும் இருக்கலாம்.

4

என் பெயர் முதன்முதலில் அச்சில் வந்தபோது நான் ஈரோட்டில் கல்லூரியில் இருந்தேன். ஒரு சிற்றிதழில் அரைப் பக்கம். பஸ் ஸ்டாண்டு புத்தகக் கடையில் அந்த இதழ் மற்றவற்றுக்கு அடியில் கிடக்கும். அப்பா மாலையில் வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போதெல்லாம் அதை எடுத்து எல்லாவற்றுக்கும் மேலே வைத்துவிட்டு வருவார். கடைக்காரர் ஒரு நாள் பிடித்துவிட்டார். "ஏனுங், வாங்கவும் மாட்டேங்கிறீங்க, உடவும் மாட்டேங்கிறீங்க?" "உள்ள எம் பொண்ணு பேரு இருக்குதுங்க," என்றாராம் அப்பா. கடைக்காரரே அதன் பிறகு மேலே வைக்க ஆரம்பித்தார்.

அந்தச் சிற்றிதழுக்காகச் சந்தா கேட்டும் அலைந்திருக்கிறேன். வீட்டில் இருந்துகொண்டே இல்லை என்று சொல்லச் சொன்ன பேராசிரியர் உண்டு. "அப்பா குளிக்கிறாரு" என்று அவர் பையன் சொல்ல, அப்பா உள்ளிருந்து "ஊருக்குப் போயிருக்கேன்னு சொல்லச் சொன்னேன்ல" என்று கத்தினார். வெட்கம் எல்லாம் அப்போது எனக்கும் இல்லை, அவருக்கும் இல்லை. எழுதினால் பெயர் போடுவோம், சந்தா கேட்கக் கதவைத் தட்டுவோம். அதற்கு மேல் யோசித்ததே இல்லை.

5

ஆண்டு மலருக்கு அஸ்லாம் அண்ணன் ஒரு கவிதை கொடுத்தார். அவர் வழக்கமாக எழுதுவது கடலும் கப்பலும். இது வேறு. அவர் தொழுகைக்குப் போகும் இடத்தில் பழக்கமான ஒருவர், ஓர் உணவகத்தில் சமையல்காரர், ஒரு நாள் காலை வேலைக்கு வரும் வழியில் குடியேற்ற அதிகாரிகளால் பிடித்துப்போகப்பட்டார். கவிதையில் அதிகாரி இல்லை, வண்டி இல்லை, கோபம்கூட இல்லை. சமையலறை மட்டும். ஊறவைத்த அரிசி, ஆணியில் தொங்கும் ஏப்ரன், இன்றைக்கு உப்பு யார் பார்ப்பது என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளும் ஆட்கள். எங்கள் பத்திரிகையில் இந்த மூன்று வருஷத்தில் வந்த எதையும்விட நல்ல கவிதை. படித்ததும் முதல் பக்கத்தில் போடுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

அண்ணனுக்கு கிரீன் கார்டு இன்டர்வியூ வரப்போகிறது. எத்தனையோ வருஷக் காத்திருப்பு. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்கு டீ குடிக்கப் போனபோது ரிஸ்வானா அண்ணி கவிதையின் அச்சுப்படியைச் சாப்பாட்டு மேஜையில் எனக்கு முன்னால் வைத்தார்.

"நல்லாத்தான் இருக்கு காவ்யா. படிச்சுட்டு அழுதேன்கூட. அதுக்காக இவங்க பேரு போடணுமா?"

"பேரில்லாம எப்படி அண்ணி? இதென்ன மொட்டைக் கடுதாசியா?"

"மொட்டைக் கடுதாசியாவே இருக்கட்டும். இன்டர்வியூ முடியட்டும், அப்புறம் பேரு என்ன, போட்டோவே போட்டுக்க."

"தமிழ்ல வர்றதை அந்த ஆபீஸ்ல யாரு படிக்கப்போறாங்க?"

"ஏன், நீ போனை வச்சுக்கிட்டு பின்னிஷ் படிக்கலியா? அவங்ககிட்ட போன் இல்லாமயா இருக்கும்?"

அஸ்லாம் அண்ணன் பாத்திரம் கழுவும் தொட்டியருகே முதுகைக் காட்டிக்கொண்டு ஜோயாவின் லஞ்ச் டப்பாவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். எப்போதோ கழுவி முடிந்த டப்பா.

"அண்ணா, நீங்க சொல்லுங்க," என்றேன்.

"எனக்குப் பேரு வேணும்னுதாம்மா இருக்கு. இதை எழுதுனது நான்னு இருக்கணும். இல்லேன்னா அவரைப் பத்தி எழுதி என்ன பிரயோஜனம்? அந்த மனுசனுக்குத்தான் பேரில்லாமப் போச்சு."

"பேரு வேணும், சரி," என்றார் அண்ணி. "அவங்க உங்களைத் திருப்பி அனுப்பினா இவ எந்த ஸ்கூலுக்குப் போவா? காயல்பட்டினத்துல போய் உக்காந்து 'கேன் ஐ கோ டு த ரெஸ்ட்ரூம்'னு கேப்பாளா? உனக்கென்னம்மா காவ்யா, ஒத்தை ஆளு, ஒரு சூட்கேஸ்."

ஜோயா சோபாவிலிருந்து தலையைத் தூக்கினாள். "ஆர் வி மூவிங்?"

"இல்லடா, சும்மா பேசுறோம்," என்றார் அண்ணன்.

"இஸ் இட் பிகாஸ் ஆஃப் த மேகஸின்?"

அண்ணன் மறுபடி குழாயைத் திறந்தார். டீ ஆறிப்போயிற்று.

6

ஒத்தை ஆளு, ஒரு சூட்கேஸ். உண்மைதான். ஆனால் அந்த சூட்கேஸை எடுத்துக்கொண்டு நானும் வருஷக் கடைசியில் ஊருக்குப் போக வேண்டும். தம்பி கல்யாணம். போனால் சென்னையில் விசா முத்திரை குத்திக்கொண்டுதான் திரும்ப வேண்டும். இணையத்தில் அதற்கான விண்ணப்பத்தை நிரப்பும்போது, சமூக ஊடகங்களில் என்னென்ன பெயரில் இருக்கிறாய், எல்லாவற்றையும் எழுது என்று ஒரு கேள்வி வரும். போன முறை அலட்டிக்கொள்ளாமல் எழுதினேன். இந்த முறை எங்கள் பத்திரிகையின் சமூக ஊடகப் பக்கத்தையும் எழுத வேண்டுமா, அதை நடத்துவது நான்தானே, எழுதாவிட்டால் மறைத்ததாக ஆகுமா என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதற்குள் நீண்ட நேரம் ஆகிவிட்டது என்று சொல்லி அந்தப் பக்கம் தானாக மூடிக்கொண்டது. மறுபடி முதலிலிருந்து நிரப்பினேன். அந்தக் கேள்வி வந்ததும் மறுபடி உட்கார்ந்துவிட்டேன்.

எனக்கு மட்டும் இல்லை. வழக்கமாகப் பெட்டியில் இதழ் கொண்டுவரும் எடிசன் ஊர் நண்பர் ஒருவர் இந்த முறை போனில் இழுத்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. ஊறுகா சொல்லுங்க, கொண்டு வர்றேன். கருவாடு சொல்லுங்க, அதுகூட ரிஸ்க் எடுத்துக் கொண்டு வர்றேன். இது வேணாமே."

"கருவாட்டைவிடவா நம்ம பத்திரிகை நாறுது?"

சிரித்தார். ஆனால் கொண்டுவரவில்லை. கடைசியில் ஒத்துக்கொண்டது ஓய்வுபெற்ற ஓர் அங்கிள். மகள் வீட்டுக்கு வருகிறவர். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டார். கதை கவிதை என்றேன். "அப்ப சரி, ஆபத்தில்லாத சமாச்சாரம்," என்றார். மறுத்துப் பேச எனக்குத் தெம்பில்லை.

7

எய்லா வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தபோது உதவிக்குப் போனேன். கண்டுபிடிக்க முடியவில்லை என்று சொல்லத்தான் போனேன். உண்மையில் சொல்ல இன்னும் வாய் வரவில்லை. தொகுப்புகள் அன்றும் கார் டிக்கியிலேயே கிடந்தன. மாடியிலிருந்து ஒரு பழைய இஸ்திரி மேஜையை இறக்கினோம். அதைத் தட்டிப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்:

"அம்மா இதில் துணி தேய்க்கும்போதெல்லாம் ஒன்றை முணுமுணுத்துக்கொண்டே இருப்பாள். ரொம்ப நாள் அதை ஜெபம் என்று நினைத்தேன். ஆனால் அவள் சர்ச் வாசலைக்கூட மிதித்ததில்லை."

"ஞாபகம் இருக்கா?"

"அர்த்தம் தெரியாது. தாளம் தெரியும். நான் இசை வாத்தியார் இல்லையா?"

மேஜையின் மேல் கையால் தாளம் போட்டுக்கொண்டே சொன்னார். நான்கு வரிகள். முழங்கையை முன்னும் பின்னும் நகர்த்தி, இஸ்திரிப் பெட்டி போகிற வேகத்தில். நான் அவசரமாகப் போனை நீட்டினேன். போன் கேட்டு எழுதியதில் பாதி குழப்பம். ஆனால் கடைசி வரியில் ஒரு சொல் என் கண்ணில் குத்தியது. அதைத் தலையங்கங்களில் நான் ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன். 'திலவுஸ்'. சந்தா.

டிக்கிக்கு ஓடினேன். கைக்கு வந்த தொகுப்பை எடுத்து ஓர் இதழின் கடைசிக்குப் போனேன். பின் அட்டையின் உட்பக்கம், கோடு போட்ட ஒரு கட்டம், நான்கு வரி. அடுத்த இதழிலும் அதே. அதற்கு அடுத்ததிலும். எந்த இதழிலும் நான் படம் எடுக்காத ஒரே பக்கம் அதுதான். சந்தாக் கட்டம். பத்திரிகை நடத்துகிறவர்கள் யாரும் அடுத்தவர் பத்திரிகையில் அந்தக் கட்டத்தைப் படிப்பதில்லை. அதில் என்ன இருக்கும் என்றுதான் நமக்குத் தெரியுமே. உரைநடை என்று நினைத்து நான் தாண்டிப்போனது எதுகையோடு எழுதிய பாட்டு. போன் சொன்னதை வைத்து இப்படித் தமிழாக்கிக்கொண்டேன்:

கதவைத் திற, நான் பாதிரியும் இல்லை, போலீசும் இல்லை.
பையில் இருப்பது நம் பேச்சில் நம் சேதி.
காப்பி இருந்தால் ஊற்று, இல்லாவிட்டாலும் சரி,
இன்னும் ஒரு வருஷம் படிக்கிறேன் என்று மட்டும் சொல்.

அந்தப் பத்திரிகைக்கு ஊருக்கு ஊர் ஏஜெண்டுகள் இருந்தார்கள். விடுமுறை நாளில் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டிச் சந்தாவைப் புதுப்பிக்கும் தொண்டர்கள். எய்லாவின் அம்மா அப்படி ஒருவர் என்று அன்றுதான் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு தோல் பையோடு போவாள், எதற்கு என்று நான் கேட்டதில்லை என்றார் எய்லா. சந்தா கேட்கப் போகிறவர் வாசலில் நின்று சொல்ல ஒரு பாட்டு. இஸ்திரி மேஜையில் ஒத்திகை.

ஆங்கிலத்தில் நான் படித்துச் சொன்னதும் எய்லா சிரிக்க ஆரம்பித்தார்.

"ஆக, என் அம்மாவின் கவிதை ஒரு விளம்பரம்."

"அவங்க எழுதினதுன்னு நிரூபிக்க முடியாது எய்லா. மனப்பாடம் பண்ணிச் சொன்னதாகவும் இருக்கலாம்."

"அதில் காப்பி வருகிறதா?"

"வருது."

"பாதிரியை வாசலிலேயே நிறுத்தியிருக்கிறதா?"

"ஆமா."

"அப்படியென்றால் அம்மாதான். நான் என்ன கோர்ட்டா, சாட்சி கேட்க?"

சொல்லிவிட்டுத் தொகுப்பை என் கையிலிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். கட்டத்தின் மேல் விரலை ஓட்டினார். நாலாவது வரிக்கும் கோட்டுக்கும் நடுவில் கொஞ்சம் வெற்றிடம் இருந்தது. விரல் அங்கேயே நின்றது.

"பார்," என்றார். "ஒரு பெயருக்கு இடம் இருந்திருக்கிறது."

8

அஸ்லாம் அண்ணனிடம் இதைச் சொல்லும்போது என் மனத்தில் ஒரு திட்டம் இருந்தது. ஜோயாவும் ஒரு நாள் இப்படித் தேடி அலைவாள், பெயரைப் போட்டுவிடுங்கள் என்று முடிக்க வேண்டும். மூட்டையைப் பிரித்துச் சொல்லிக்கொண்டே வந்தேன். முடிக்க வேண்டிய இடம் வந்ததும் அந்த விண்ணப்பமும், பதில் எழுதாமல் நான் பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கேள்வியும் ஞாபகம் வந்தன. வாயை மூடிக்கொண்டேன்.

அண்ணன் நான்கு வரியையும் திரும்பச் சொல்லச் சொன்னார். "போலீசும் இல்லை," என்று சொல்லிப் பார்த்தார். "அப்பவும் கதவைத் தட்டினா முதல்ல அந்தப் பயந்தான்."

கவிதையைப் பெயரில்லாமல் போடலாமா என்றேன்.

"வேணாம்மா. அந்தக் கவிதைக்குப் பேரில்லாம நிக்கத் தெரியாது. எடுத்துரு. காகிதம் வரட்டும், அப்புறம் போடுவோம்."

எய்லாவின் அம்மா சொன்ன அதே வார்த்தை. அண்ணன் கவனித்தாரா என்று தெரியவில்லை. நான் கவனித்தேன், சொல்லவில்லை. முதல் பக்கத்துக்கு வேறொரு கட்டுரையை நகர்த்தினேன். பக்கம் நிறைந்துவிட்டது. ஒன்றும் குறைந்த மாதிரி தெரியவில்லை என்பதுதான் கஷ்டமாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து அண்ணனிடமிருந்து ஒரு மெசேஜ். சந்தாக் கட்டத்துக்கு இதை வைத்துக்கொள், பெயர் வேண்டாம், சந்தாக் கட்டத்தில் எவனும் பெயரைத் தேட மாட்டான் என்று:

கதவைத் திற மச்சான், நான் பார்சல்காரன் இல்லை,
கையில் இருக்குறது பில்லும் இல்லை, சம்மனும் இல்லை.
டீ இருந்தா ஊத்து, இல்லாட்டி பரவாயில்லை,
இன்னும் ஒரு வருஷம் படிக்கிறேன்னு சொல்லு, வேற தொல்லை இல்லை.

மூன்றாவது வரியில் முதலில் 'பிரியாணி இருந்தா வை' என்று எழுதியிருந்தாராம். சந்தா கேட்கப் போகிறவனுக்குப் பிரியாணி ஒரு கேடா என்று அண்ணி மாற்றினாராம்.

போன சனிக்கிழமை எடிசனில் அந்த அங்கிளின் மகள் வீட்டிலிருந்து இதழ்களை எடுத்துக்கொண்டு திரும்பினோம். அண்ணன் ஓட்டினார். நான் பக்கத்தில். பின்னால் ஜோயா, அவளுக்குப் பக்கத்தில் பெட்டி நிறைய ஆண்டு மலர். ரூட் ஒன் நெடுஞ்சாலையில் சிக்னலுக்கு சிக்னல் நின்று நின்று போய்க்கொண்டிருந்தோம். இதழ் எப்படி வந்திருக்கிறது என்று இரண்டு பேரும் பேசவில்லை. முதல் பக்கத்தைத் திறக்கவும் இல்லை.

பின்னாலிருந்து சத்தம் வந்தது. ஜோயா காலால் என் இருக்கையை உதைத்துத் தாளம் போட்டுக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தாள். கதவைத் திற மச்சான். முழுதாக, ஒரு சொல் விடாமல். ஒவ்வொரு இல்லைக்கும் ஓர் உதை.

அவளுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. நான் திரும்பிப் பார்த்தேன். கையில் புத்தகமும் இல்லை.

"எங்கடா படிச்சே?" என்றார் அண்ணன்.

"ஐ டிட்ன்ட் ரீட் இட். யூ சே இட் இன் த ஷவர் ஆல் த டைம்."

"யாரு எழுதுனது தெரியுமா?"

"யூ டிட், வாப்பா. ஆப்வியஸ்லி."

அண்ணன் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அது எப்படி அணைந்தது என்பதையும் பக்கத்திலிருந்து பார்த்தேன். முன்னால் நின்றது போலீஸ் வண்டி இல்லை, வெறும் பால் வண்டி. இருந்தாலும் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்.

"யார்ட்டயும் சொல்லிறாதம்மா."

உதை நின்றது. சிக்னல் பச்சையானது. பின்னால் ஒருவர் ஹார்ன் அடித்தார்.

"ஏன்?" என்றாள் ஜோயா, தமிழில்.